களத்துமேட்டில் கடித்த பாம்பும் 150 பேர் வகுப்பும்: மருத்துவ மாணவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஜனவரி மாதம், சம்பா அறுவடை நடக்கிற நேரம். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனை. விடிகாலை ஐந்து மணிக்கு 35 வயது விவசாயத் தொழிலாளி ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "ராத்திரி நெல்லுக்குக் காவலா களத்துலதான் படுத்திருந்தாரு. மூணு மணிக்கு வயித்து வலின்னு எழுந்தாரு. இப்ப கண்ணைத் தொறக்கவே முடியல, பேச்சும் கொழறுது" என்கிறார் மனைவி. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. உடம்பில் எங்கு தேடியும் கடித்த தடம் இல்லை. குடித்திருப்பாரோ? பக்கவாதமோ? பூச்சிமருந்து ஏதும் உள்ளே போயிருக்குமோ? அந்த நேரத்தில் பணியில் இருப்பவர் எம்.பி.பி.எஸ். தேர்வுகளை முடித்துவிட்டுப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்.

பாம்புக்கடி பார்த்துப் பழகிய டாக்டர்கள் இதைக் கேட்டதுமே கட்டுவிரியனைச் சந்தேகிப்பார்கள். இரவில் நடமாடும் பாம்பு அது. தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல் சிறியது என்பதால் வலியும் தடமும் பெரும்பாலும் தெரியாது. முதலில் வயிற்று வலி, அப்புறம் இமை சரியும், பிறகு எச்சில்கூட விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்தும், தேவைப்பட்டால் வென்டிலேட்டரும் நேரத்தோடு கிடைத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். வயிற்று வலிக்கு ஊசி போட்டு ஓரமாகப் படுக்கவைத்தால் பிழைப்பது கஷ்டம்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஹவுஸ் சர்ஜன் இதைப் படித்து, தேர்வில் எழுதி, பாஸும் பண்ணியிருப்பார். ஆனால் 'பாம்பு' என்ற சொல்லை யாருமே உச்சரிக்காத ஒரு விடிகாலையில் அது அவருக்கு நினைவுக்கு வருமா? மருத்துவக் கல்வியில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் ஒரு வாக்குவாதம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். ஆசிரியர் மேடையில் நின்று பாடம் நடத்தும் லெக்சர் முறை ஒரு பக்கம். நோயாளியின் பிரச்சினையை முதலில் கையில் கொடுத்து, மாணவர்களையே தேடிப் படிக்கவைக்கும் 'பிரச்சினை சார்ந்த கற்றல்' இன்னொரு பக்கம். இதைச் சுருக்கமாக பி.பி.எல். என்பார்கள். ரேஷன் கார்டில் வரும் பி.பி.எல். வேறு, இது வேறு.

ஒரே பாம்பு, இரண்டு வகுப்பறை

வழக்கமான பாடத்திட்டத்தில் இந்தக் கட்டுவிரியன் மூன்று துண்டாக வருகிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது முதலாண்டு உடலியங்கியலில். எந்தப் பாம்புக்கு எந்த விஷம் என்பது பிறகு தடயவியல் மருத்துவத்தில். சிகிச்சை கடைசி ஆண்டில், பொது மருத்துவத்தில். ஒவ்வொரு துண்டும் ஒரு மணி நேர லெக்சர். நல்ல ஆசிரியர் கிடைத்தால் மிகத் தெளிவாகவே இருக்கும்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு கட்டம் போட்டு, எதிரே நரம்பைத் தாக்குவது, ரத்தம் உறைவதைக் கெடுப்பது என்று எழுதிப் போட்டால் மாணவர் அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார். சிக்கல் என்னவென்றால், முதல் துண்டைப் படித்ததற்கும் மூன்றாவது துண்டைப் படிப்பதற்கும் நடுவே வருடங்கள் ஓடிவிடும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடும் வேலை மாணவர் தலையில் விழுகிறது.

பி.பி.எல். முறையில் அதே பாம்பு வேறு மாதிரி வரும். எட்டு மாணவர்கள், ஒரு மேசை, ஒரு டியூட்டர். மேலே சொன்ன விடிகாலைக் காட்சி மட்டும் ஒரு தாளில் இருக்கும். தலைப்பில்கூடப் பாம்பு இருக்காது. முதலில் புரியாத சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வார்கள். பிறகு 'இங்கே பிரச்சினை என்ன?' என்று எழுதுவார்கள். ஒருவர் பக்கவாதம் என்பார். 'பக்கவாதமா இருந்தா ரெண்டு இமையும் ஒண்ணா சரியுமா?' என்று இன்னொருவர் மடக்குவார். பூச்சிமருந்து என்று மூன்றாமவர் சொன்னால், கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருக்கிறதா, வேர்த்துக் கொட்டுகிறதா, வாயில் நுரை உண்டா என்று பார்க்க வேண்டிவரும். இப்படித் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு, தெரியாதது எது என்ற பட்டியல் தானாக மிஞ்சும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி எப்படிப் போகிறது, அதை எதெல்லாம் தடுக்கும், மூச்சு நிற்கப் போவதை முன்கூட்டி எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பட்டியலோடு நூலகத்துக்குப் போய், இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பிவந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த இரண்டாவது அமர்வில்தான் சுவாரசியமான விஷயங்கள் வெளிவரும். நாகத்தின் விஷம் பெரும்பாலும் தசையின் பக்கம் இருக்கும் ஏற்பியை அடைக்கிறது; அதனால் நியோஸ்டிக்மின் என்ற மருந்துக்கு நோயாளி ஓரளவு தேறுவார். கட்டுவிரியனின் விஷம் நரம்பு முனையையே சேதப்படுத்துகிறது. அங்கே அந்த மருந்தால் பெரிய பலன் இல்லை, நரம்பு முனை சரியாகும் வரை நாட்கணக்கில் வென்டிலேட்டர்தான் துணை. உறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் வைக்கும் எளிய சோதனை கண்ணாடிவிரியன் கடியில் கைகொடுக்கும். கட்டுவிரியன் கடியில் ரத்தம் வழக்கம்போல உறைந்துவிடும். 'ரத்தம் உறையுது, அதனால பாம்பு இல்ல' என்று முடிவெடுத்தால் அங்கேதான் ஆபத்து. முதலாண்டு உடலியங்கியல் எதற்காகப் படித்தோம் என்பது மாணவருக்கு உறைக்கும் இடமும் அதுதான்.

ஹாமில்டனில் 20 பேர்

இந்த முறை பிறந்த இடம் கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். அதன் மருத்துவப் பள்ளியில் 1969இல் சேர்ந்த முதல் வகுப்பில் மொத்தம் 20 பேர். ஜான் எவன்ஸ் தலைமையிலான குழு, பழைய பாடத்திட்டத்தைச் சீர்திருத்துவதற்குப் பதிலாகப் புதிதாகவே ஒன்றை எழுதியது. பிறகு அங்கே சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் இந்த முறைக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தார். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் 1974இல் இதே பாதையில் தொடங்கியது. விவாதத்தை ஏழு படிகளாகப் பிரித்த முறை அங்கிருந்து பரவியது. ஆசியாவில் மலேசியாவின் அறிவியல் பல்கலைக்கழகம் இதை ஆரம்பத்திலேயே கையில் எடுத்துக்கொண்டது. 1985இல் ஹார்வர்டும் தன் பாணியில் ஒரு கலவை முறைக்கு மாறியது. இந்தியாவில் 1980களின் இறுதியில் டெல்லி எய்ம்ஸ், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், வாராணசி பனாரஸ் இந்து பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து மருத்துவக் கல்விச் சீர்திருத்தத்துக்கு ஒரு கூட்டமைப்பாகச் செயல்பட்டன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மெக்மாஸ்டரில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே கல்லூரிப் படிப்பு படித்துவிட்டு வந்தவர்கள். நம் ஊரில் பிளஸ் டூ முடித்து, நீட் பயிற்சியில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே பழகிய 18 வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். 'உனக்கு என்ன தெரியாது என்று நீயே எழுது' என்றால் முதல் ஒரு மாதம் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அது அவர்கள் குற்றம் கிடையாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பி.பி.எல். ஆதரவாளர்கள் எதிர்பார்த்த அளவுக்கு முடிவுகள் இல்லை என்பதுதான் உண்மை. 1993இல் வெளியான இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள், இந்த முறையில் படித்தவர்கள் நோயாளியைக் கையாள்வதில் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தார்கள், படிப்பையும் அதிகம் ரசித்தார்கள், ஆனால் அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சில இடங்களில் பின்தங்கினார்கள் என்று சொல்லின. மெக்மாஸ்டருக்கே ஒரு சறுக்கல் வந்தது. 1980களின் இறுதியில் அதன் பட்டதாரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தேசிய உரிமத் தேர்வில் தோற்றார். மாணவர்களின் அறிவை அவ்வப்போது சோதிக்கும் முன்னேற்றத் தேர்வுகளைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை சீரானது. அந்தத் தேர்வுகள் வருவதற்கு முன்பு, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே மாணவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

இன்னொரு பக்கம், 2008இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வு, படித்து முடித்து வேலைக்குப் போன டாக்டர்களைப் பார்த்தது. நிச்சயமில்லாத சூழலைச் சமாளிப்பது, நோயாளியோடு பேசுவது, சட்டமும் அறமும் குறுக்கிடும் இடங்களைப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் பி.பி.எல். வழியில் வந்தவர்கள் மேலாக இருந்தார்கள். களத்துமேட்டு நோயாளியின் மனைவியிடம் 'எங்க படுத்திருந்தாரு, தரையிலயா கட்டில்லயா?' என்று கேட்கத் தோன்றுவது இந்த வகைத் திறமையில் சேரும்.

ஆனால் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான கண்டுபிடிப்பு 1978இல் வந்தது. ஆர்தர் எல்ஸ்டீன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா ஆகிய மூவரும் டாக்டர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். 'பிரச்சினையைத் தீர்க்கும் திறமை' என்று பொதுவாக ஒன்று இருக்கும், அதை வளர்த்துவிட்டால் எந்த நோய்க்கும் ஓடும் என்று அதுவரை பலரும் நம்பினார்கள். அப்படி ஒன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நோயில் கெட்டிக்காரராக இருந்த அதே டாக்டர் இன்னொரு நோயில் தடுமாறினார். அந்தந்த நோயைப் பற்றி எவ்வளவு தெரியும், எத்தனை நோயாளிகளைப் பார்த்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் யோசனை அமைந்தது. விவாதம் செய்தே புத்திசாலி ஆகிவிடலாம் என்ற கனவுக்கு இது அடி. மனப்பாடம் செய்தால் போதும் என்பதற்கும் இதில் ஆதரவு இல்லை. கட்டுவிரியனை நினைவுக்குக் கொண்டுவர, கட்டுவிரியன் கேஸ் ஒன்றையாவது முன்பே சந்தித்திருக்க வேண்டும்: வார்டிலோ, மேசையிலோ.

பேனாவும் பேப்பரும் எடுத்தால்...

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கியது. திருவாரூருக்கு 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நாகப்பட்டினம் கல்லூரி 2022 ஜனவரியில், மாநிலத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்றாக வந்தது. தஞ்சாவூரில் ஆண்டுக்கு 150 பேர் சேர்கிறார்கள்.

150 பேரை எட்டு எட்டாகப் பிரித்தால் 19 குழுக்கள். ஒரு கேஸுக்கு இரண்டு அமர்வு, அமர்வுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஆசிரியர்களின் நேரம் மொத்தம் 76 மணி. லெக்சர் என்றால் இதே பாடம் ஓர் ஆசிரியரின் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். உடலியங்கியல் போன்ற ஒரு துறையில் 19 ஆசிரியர்கள் இருப்பதில்லை. 19 சிறிய அறைகளும் ஒரே நேரத்தில் காலியாகக் கிடைக்காது. 1993ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வுகளில் ஒன்று, வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருந்தால் இந்த முறையின் செலவு பெரிய தடையாகும் என்று அப்போதே எச்சரித்தது. இங்கே 150. இதோடு வெளிநோயாளிகள் பிரிவு, வார்டு, அறுவை அரங்கு எல்லாம் பார்த்துக்கொண்டுதான் மருத்துவத் துறை ஆசிரியர்கள் வகுப்புக்கும் வருகிறார்கள்.

சரி, விதிமுறை என்ன சொல்கிறது? 2019இல் இந்தியா முழுக்கத் 'திறன் அடிப்படையிலான மருத்துவக் கல்வி' நடைமுறைக்கு வந்தது. லெக்சர் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மீதி இரண்டு பங்கு கலந்துரையாடல், செய்முறை, வார்டு, குழு விவாதம். முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திக்க வேண்டும். நெறிமுறைகளும் பேசும் விதமும் தனிப் பாடமாக வந்தன. இதைப் புரட்சி என்று பலரும் எழுதினார்கள். ஆனால் 'மூன்றில் ஒரு பங்கு' என்ற அந்த வரம்பு 1997ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இருந்தது; பிரச்சினை சார்ந்த அணுகுமுறை வேண்டும் என்ற வாசகமும் உண்டு. விதி எழுதி இரண்டு தலைமுறை மாணவர்கள் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். கால அட்டவணையில் 'குழு விவாதம்' என்று எழுதிவிட்டு, அதே ஹாலில் அதே ஸ்லைடுகளைப் போடுவதை எந்த விதியாலும் தடுக்க முடியாது.

மாணவர்களும் சும்மா இல்லை. முதுநிலை நீட் தேர்வில் 200 கேள்விகள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. விரும்பிய பிரிவில் எம்.டி. சீட் கிடைப்பது அதைப் பொறுத்தது. மூன்றாம் ஆண்டிலேயே கோச்சிங் செயலிக்குப் பணம் கட்டி, பிரபல ஆசிரியரின் வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். லெக்சர் ஹாலில் பின் வரிசை காலியாவதற்கு விவாதத்தின் மேல் வந்த காதல் காரணமில்லை; அதைவிட வேகமான இன்னொரு லெக்சர் செல்போனில் கிடைப்பதுதான். எட்டுப் பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒரே கேஸைப் பேசுவது அவர்கள் கண்ணில் நேர விரயமாகவே படும். தேர்வில் கேட்காததை மாணவர் படிக்க மாட்டார், இதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

யார் பேசுவார், யார் பேசமாட்டார்?

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று மொழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2020இல் சட்டமானது. ஒரத்தநாட்டிலிருந்தோ பேராவூரணியிலிருந்தோ தமிழ் வழியில் பிளஸ் டூ படித்த ஒரு பெண், எம்.பி.பி.எஸ். வகுப்பில் உட்காரும் வாய்ப்பு அதனால் கூடியிருக்கிறது. லெக்சர் ஹாலில் அவர் ஒளிந்துகொள்ளலாம். ஆசிரியர் ஆங்கிலத்தில் சொன்னதை எழுதிக்கொண்டு, இரவு விடுதியில் அகராதியோடு உட்கார்ந்து பிடித்துவிடலாம். எட்டுப் பேர் மேசையில் ஒளிய இடமில்லை. சென்னையிலோ கோவையிலோ ஆங்கில வழியில் படித்தவர் சரளமாகப் பேசிக்கொண்டிருக்க, இவர் வாயைத் திறக்கவே தயங்குவார். அவருக்கு மார்க் போடும் டியூட்டர் 'பங்கேற்பு குறைவு' என்று எழுதினால், திறமையை அளக்கிறோம் என்று நினைத்து ஆங்கிலத்தை அளந்துவிட்டோம் என்று அர்த்தம்.

இதே மேசையில் தமிழில் பேசலாம் என்று சொல்லிப் பார்த்தால் நிலைமை தலைகீழாகும். களத்தில் யார் படுப்பார்கள், பம்புசெட் கொட்டகையில் என்ன இருக்கும், அறுவடை சமயத்தில் வரப்பு வளைகளிலிருந்து எலி கிளம்பினால் பின்னாலேயே எது வரும் என்பதெல்லாம் அந்த மாணவிக்குத்தான் தெரியும். கட்டுவிரியனுக்கு ஊரில் என்ன பெயர் சொல்வார்கள் என்பதும் அவருக்குத்தான் தெரியும். நோயாளி வந்து சொல்லப்போவதும் அந்தப் பெயரைத்தான். தேர்வு ஆங்கிலத்தில் எழுதட்டும். மருத்துவச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். யோசிப்பதைத் தமிழில் யோசிக்கவிடுவதற்கு அரசாணை தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கு முன்னோடி உண்டு. 1847இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார்; பிறகு தமிழுக்கு மாறினார், மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் படித்தவர்கள் தமிழில் படித்து டாக்டர்களாகவே வெளியே வந்தார்கள்.

ஒரே ஹால், 25 குழு

அப்படியானால் 150 பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் லாரி மைக்கேல்சன் என்ற வணிகவியல் பேராசிரியருக்கு இதே தலைவலி வந்தது. 40 பேர் இருந்த வகுப்பு 120 ஆகிவிட்டது. விவாதம் நடத்திப் பழகியவருக்கு லெக்சருக்குத் திரும்ப மனமில்லை. அவர் கண்டுபிடித்ததுதான் 'குழு சார்ந்த கற்றல்'. மருத்துவத்துக்கு அது பிறகு வந்தது, சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி தன் முதல் வகுப்பிலிருந்தே அதை அடித்தளமாக வைத்திருக்கிறது.

முறை எளிது. மாணவர்கள் குறிப்பிட்ட பாடத்தை முன்கூட்டிப் படித்துவிட்டு வர வேண்டும். அது வீடியோவாக இருக்கலாம், அச்சடித்த குறிப்பாக இருக்கலாம், ஏன், போன வாரத்து லெக்சராகக்கூட இருக்கலாம். ஹாலுக்கு வந்ததும் ஒரு சிறு தேர்வைத் தனியாக எழுதுவார்கள். உடனே அதே தேர்வை ஆறு பேர் குழுவாகக் கூடிப் பேசி எழுதுவார்கள். தனியாகத் தப்புப் பண்ணியவருக்குப் பக்கத்தில் இருப்பவரே விளக்கிவிடுவார். அதன் பிறகு கேஸ் வரும். களத்துமேட்டு நோயாளி திரையில் இருப்பார். 'அடுத்த பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய முதல் காரியம் எது?' என்ற கேள்விக்கு 25 குழுவும் ஒரே சமயத்தில் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்து குழு ரத்தப் பரிசோதனை என்கிறது, பதினைந்து குழு விஷமுறிவு மருந்து என்கிறது, மீதிக் குழுக்கள் மூச்சைப் பார் என்கின்றன என்றால், ஆசிரியர் அந்த மூன்று தரப்பையும் மோதவிடுவார். ஹால் ஒன்று, ஆசிரியர் ஒருவர். குழுவுக்குள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

இதில் லெக்சருக்கு இடம் போய்விடவில்லை. நரம்பு முனையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நல்ல ஆசிரியர் 40 நிமிடத்தில் படம் போட்டு விளக்கினால், எட்டுப் பேர் நான்கு மணி நேரம் தடவிக் கண்டுபிடிப்பதைவிட அது மேல். புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டாமல் விடுவது பலன் தராது என்று 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் எழுதிய கட்டுரை இதைத்தான் வாதிட்டது. லெக்சரைக் கேட்டுவிட்டு அப்படியே எழுந்து போவதுதான் பிரச்சினை. அதைக் கையில் எடுத்து ஒரு நோயாளியின் மேல் பிரயோகித்துப் பார்க்கும் இரண்டாவது மணி நேரம் நம் கால அட்டவணையில் இல்லை.

வார்டில் அது இருக்கிறதே என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள்; அது நியாயமான பேச்சு. நோயாளியிடம் விவரம் கேட்டு, பரிசோதித்து, சீஃப் முன்னால் கேஸ் பிரசென்ட் செய்து, அவர் குறுக்குக் கேள்வியில் வியர்த்து நிற்பது நம் அரசுக் கல்லூரிகளின் பழைய பலம். கனடாவில் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொன்னதில் பாதி அங்கே ஏற்கெனவே உண்டு. ஆனால் ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நின்றால் முன்னால் நிற்கும் நான்கு பேருக்குத்தான் அது கல்வி. தவிர, கட்டுவிரியன் கடித்தவர் அந்த மாணவர் வார்டில் இருக்கும் மூன்று வாரத்தில்தான் வர வேண்டும் என்று கட்டாயமா என்ன?

டெல்டாவே ஒரு கேஸ் புத்தகம்

ஆகவே மெனக்கெட வேண்டியது முறையின் பெயரைப் பற்றி இல்லை, எந்தக் கேஸ்களை மேசைக்குக் கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள் இதற்குப் பஞ்சம் வைக்காது. அறுவடையில் கண்ணில் நெல் சுணை பட்டு, மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிவிட்டு, பத்து நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புண்ணோடு வருபவர். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் பெரும் பங்கு பூஞ்சையால் வருவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுகள் இதை 1990களிலேயே பதிவு செய்திருக்கின்றன. ஸ்டீராய்டு அந்தப் பூஞ்சைக்குத் தீனி போடும். இதை வெளிநாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் நின்ற வயலில் வேலை பார்த்துவிட்டுக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாக வரும் எலிக்காய்ச்சல் நோயாளி. காற்றுக்கு எதிரே நின்று மருந்தடித்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வருபவர்.

நோயாளியின் விவரத்தை எழுதிவைத்துப் பாடமாக்குவது தஞ்சைக்குப் புதிதும் கிடையாது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், வரைந்த கண் படங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. யாருக்கு என்ன கோளாறு, என்ன சிகிச்சை, பிறகு எப்படி இருந்தது என்று தனித்தனியாக எழுதிய அந்தத் தாள்கள் கேஸ் ஷீட் அல்லாமல் வேறென்ன?

இன்று அதைச் செய்ய இரண்டு தடைகள். ஒன்று, நல்ல கேஸ் ஒன்றை எழுத ஓர் ஆசிரியருக்குப் பல மணி நேரம் ஆகும்; நோயாளி யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்ற வேண்டும், ஒவ்வொரு கேள்வியும் எங்கே திரும்பும் என்று யோசிக்க வேண்டும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கணக்கில் வருகிறது. இந்த உழைப்பு வருவதில்லை. டெல்டாவின் அரசுக் கல்லூரிகள் ஆளுக்குப் பத்துக் கேஸ் எழுதிப் பகிர்ந்துகொண்டால் சுமை பாதியாகும். இரண்டாவது, தேர்வு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வினாத்தாளில் 'பாம்புக்கடி சிகிச்சையை விவரி' என்று வந்தால் மாணவர் பட்டியலை மனப்பாடம் செய்வார். களத்துமேட்டுக் காட்சியைக் கொடுத்து 'என்ன செய்வாய், ஏன்?' என்று கேட்டால் அந்த ஆண்டே படிக்கும் விதம் மாறும்.

பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்துவிட்டது. எந்த மாதம், எந்த ஊர் என்ற விவரம் இனி மருத்துவமனைகளிலிருந்து முறையாகத் திரளும். அதைப் பார்த்துக் கால அட்டவணை போடுவதும் சாத்தியமே. எலிக்காய்ச்சல் கேஸை ஐப்பசி மழையிலும், கட்டுவிரியன் கேஸையும் நெல் சுணை கேஸையும் தை அறுவடையிலும் வைத்தால், செவ்வாய்க்கிழமை ஹாலில் அட்டை தூக்கிய மாணவர் வியாழக்கிழமை வார்டில் அதே நோயாளியைப் பார்க்கக்கூட வாய்ப்பிருக்கிறது.